செவப்புப் பூவும் ரெண்டு கஞ்சா உருண்டையும்

1

நம்மூரு சனத்துக்கெல்லாம் மலாயாவுல இருந்து பாவாயி கும்புடறேனுங்க. எனக்கு எழுத்துத் தெரியாது. நாஞ் சொல்லச் சொல்ல எங்க தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரு எழுதறாரு. அவரு தஞ்சாவூருப் பக்கம். நாம் பேசறது அவருக்கு ஒரே சிரிப்பு. சிரிங்க வாத்தியாரே, ஆனா திருத்தாம எழுதுங்க. எந்தங்கச்சி கேட்டா இது அக்காதான்னு தெரியோணும்.

போன வாரம் அந்தத் தங்கச்சி நல்லம்மாதான் காயிதம் போட்டிருந்தா. அவளுக்கும் எழுத்துத் தெரியாது. அவ சொல்லி ஆரோ எழுதி, அத இங்க வாத்தியாரு படிச்சு, ரெண்டு எழுத்தறியாதவ பேசிக்கறதுக்கு நடுவுல ரெண்டு படிச்சவங்க நிக்கறாங்க பாருங்க, எனக்கு அதுவே பெருமையா இருக்குது.

"அக்கா, கப்பலு மறுபடி உடறாங்களாமா. வந்துரு. அந்தக் கஞ்சாக்காரன் போதையில எடுத்த முடிவுக்கு நீ எத்தன வருசந்தான் சீரழிவ? ஊரே உன்ன நெனச்சுப் பரிதாபப்படுது. எங்கூட்டுலயே இருந்துக்கலாம் வா"ன்னு எழுதியிருக்கறா.

கஞ்சாக்காரன்னு அவ சொல்லறது எம்புருசன் செங்கோடன. அவரு சப்பான்காரன் காலத்துல காச்ச வந்து போயிட்டாரு. சாவற மட்டும் அவரு அந்தப் பேர மறுக்கல. நானும் மறுக்கல.

இங்க ஆப்பீசுல கணக்கெழுதற கிராணி, ஊருக்குப் போறவங்க இந்தச் சனிக்கெழமைக்குள்ள பேரு குடுக்கோணும்னு சொல்லியிருந்தாரு. கைநாட்டு வெச்சா சர்க்காரு செலவுலயே கப்பலு. எம்மவன் முத்தான், "நீ போறதுன்னா போம்மா, நான் வரல. எம்புள்ளைங்களுக்கு அந்த ஊரு தெரியாது"ன்னு சொல்லிப்போட்டான்.

ஆக, போறதா இருக்கறதான்னு நாந்தான் ரோசன பண்ண வேண்டியதாப் போச்சு. எனக்கு வரோணும்னு ஆசதான். நல்லம்மாவப் பாத்து எத்தன வருசமாச்சு! ஆனா அவ கூப்படற காரணந்தான் தொண்டையில முள்ளாட்டம் நிக்குது.

2

இங்க பொழுது எப்படிப் போவுதுன்னு சொல்லறேன் கேளுங்க.

விடியறதுக்கு முந்தி தப்படிப்பான். எல்லாரும் வரிசையில நின்னு பேரு சொல்லோணும். அதுக்குப் பெரட்டுன்னு பேரு. அப்பறம் மவனும் மருமவளும் பால் மரம் வெட்டப் போயிருவாங்க. நம்மூருல பாலுன்னா எருமப்பாலு. இங்க மரத்துல கோடு கிழிச்சா, வெள்ள வெளேர்னு சொட்டுச் சொட்டா எறங்கி செரட்டயில உளுவும். நான் வந்த புதுசுல ஒருக்கா வெரல்ல தொட்டு நக்கிப்போட்டேன். ஒட்டிக்கிட்ட வாய ரெண்டு நாளு தொறக்க முடியல. செங்கோடன், "இந்த மரத்த ஊட்டுலயும் ஒண்ணு நடோணும்"னாரு. மனுசனுக்குக் குசும்பு எச்சு.

எனக்கு இப்ப ஆயாக்கொட்டாயில வேல. வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள நாம் பாத்துக்கறேன். பதினாலு தூளி தொங்குது. ஒரு கயிறு இழுத்தா ஒட்டுக்கா நாலு தூளி ஆடற மாதிரிக் கட்டி வெச்சிருக்கறேன். மஞ்சு எறங்கி மரமெல்லாம் மறஞ்சு போவும். தூளி ஆடறது மட்டுந்தான் தெரியும். அப்ப கண்ண முழிச்சுக்கிட்டே தூங்கற மாதிரி இருக்கும் எனக்கு. மஞ்சுக்குள்ள நம்மூரு கொல்லிமல நிக்கற மாதிரி இருக்கும். செத்த நேரங் கழிச்சுப் பாத்தா அது பால் கொட்டா.

பேரப்பசங்க மலாயிக்காரப் புள்ளைங்களோட சேர்ந்துக்கிட்டு, சோறுன்னு சொல்ல மாட்டேங்குதுங்க. "நாசி, நாசி"ங்குது சின்னது. நாசின்னா சோறாமா. என்னைய "நேனே"ங்குது, பாட்டின்னு அர்த்தமாமா. "ஆத்தான்னு கூப்புடு சாமி"ன்னா, "நேனே ஆத்தா"ங்குது. செரி, ரெண்டும் நாந்தான்னு உட்டுட்டேன்.

காயிதம் வந்த நாள்ல இருந்து தூளிக்கயித்தப் புடிச்சுக்கிட்டு இதயேதான் நெனைக்கறேன். கஞ்சா ஒரு மனுசனுக்குள்ள போயி என்னதான் பண்ணுது? என்னமோ தைரியங் குடுக்குதுங்கறாங்க. எனக்குத் தெரிஞ்சத நாஞ் சொல்லறேன்.

3

செங்கோடன் கெணறு வெட்டறவரு. நம்ம பக்கம் பத்து மொழந் தோண்டுனா பாறதான, உங்களுக்குச் சொல்லோணுமா? வாத்தியாருக்குத்தான் தெரியாது, அவுங்கூருல கையில தோண்டுனாலே தண்ணி. எங்க பக்கம் பாறயில தொள போட்டு, வெடிமருந்து கெட்டிச்சு, திரியப் பத்த வெச்சுப்போட்டு, கயித்தப் புடிச்சு வெசையா மேல வந்துரோணும். பத்த வெக்கற வேல எங்கூட்டுக்காரருக்கு.

வெடி வெக்கறவருன்னா புலின்னு நெனச்சுக்காதீங்க. அவரு மாதிரி பயந்தவரு சேந்தமங்கலம் மொதக்கொண்டு நாமக்கல்லு வரைக்கும் கெடையாது. பல்லி கத்துனா எடுத்த கால வெக்க மாட்டாரு. ஒருக்கா ஒறம்பர ஊட்டுக் கலியாணத்துக்குக் கெளம்பி, பல்லி கத்திப்போட்டுதுன்னு நின்னு, அடுத்த நாளுங் கத்திப்போட்டுதுன்னு நின்னு, நாங்க போயிச் சேரறப்ப பந்தலு பிரிக்கறாங்க. கோழி வாங்கோணும்னாக்கூட பூக் கேப்பாரு. பூக் கேக்கறதுன்னா வாத்தியாரே, வெள்ளப் பூவும் செவப்புப் பூவும் தனித்தனியா எலயில பொட்டலங் கட்டி, சாமி முன்னால போட்டு, ஒரு கொழந்தைய உட்டு ஒண்ண எடுக்கச் சொல்லறது. வெள்ள வந்தா சாமி சரிங்குது. செவப்பு வந்தா வேண்டாங்குது. கலியாணம், காடு வாங்கறது இதுக்கெல்லாந்தான் கேப்பாங்க. இவரு கோழிக்குக் கேட்டாரு.

அப்பேர்ப்பட்ட ஆளு கெணத்துல எப்படி எறங்குவாரு? மேஸ்திரி சிலும்பியில கஞ்சா போட்டு நீட்டுவான். அப்பெல்லாம் அது கடையிலயே விக்கும், ஒளிவு மறைவு இல்ல. ரெண்டு இழுப்பு இழுத்தா எறங்கிருவாரு.

"ஏன் மாமா, அதப் போட்டா பயம் போயிருமா?"ன்னு ஒருக்காக் கேட்டேன்.

"போவாது புள்ள. பயம் இருக்கும். ஆனா அது வேற ஆருக்கோ இருக்கற மாதிரி இருக்கும்"னாரு.

அதுலயும் ஒரு கூத்து பாருங்க. வெடிக்குப் பயப்படாம எறங்குன மனுசன், அன்னைக்குப் பொழுதோட ஊட்டுக்கு வாரப்ப, வழியில ஒரு வெள்ளக் கன்னுக்குட்டி நிக்குதுன்னு வேலிக்குள்ள நொழஞ்சு உக்காந்துக்கிட்டாரு. "அது என்னையவே பாக்குது பாவாயி"ங்கறாரு. நாம் போயி கன்னுக்குட்டிய முடுக்கி உட்டுட்டுக் கூட்டியாந்தேன். பயப்படோணுங்கறதுக்குப் பயமில்ல, பயப்பட வேண்டாததுக்குப் பயம். அந்தப் பொகை எடத்த மாத்தி வெச்சுப்போடுது, அவ்வளவுதான்.

ஒரு நாளு மத்தியானம் நாங் கம்மஞ்சோறு கொண்டு போறேன். கெணத்து மேட்டுல கூட வேல செய்யறவங்க மூணு பேரும் தொண்ட கிழியக் கத்தறாங்க. "மேல வாடா மசையா! செங்கோடா! வாடா!" எட்டிப் பாத்தா, இவரு திரியப் பத்த வெச்சுப்போட்டு, பக்கத்துல சப்பணங் கூட்டி உக்காந்து அதயே பாத்துக்கிட்டிருக்கறாரு. மொகத்துல ஒரு சிரிப்பு. கொழந்த மொகத்தப் பாக்கற மாதிரி.

போதை ஏறறதுக்கு முந்தியே இடுப்புல கயித்தக் கட்டிக்கறது அவரு வழக்கம். மத்த ஆருங் கட்ட மாட்டாங்க, கேலி பேசுவாங்க. அந்தக் கயித்தப் புடிச்சு மூணு பேரும் நானுமாச் சேர்ந்து இழுத்தோம். அவரு தல மேட்டுக்கு வரவும் கீழ வெடிக்கவுஞ் செரியா இருந்துச்சு. முட்டியெல்லாம் தேஞ்சு ரத்தம். தெளிஞ்சப்பறம் என்ன சொன்னாரு தெரியுங்களா? "இன்னும் அரப் பகலு நேரம் இருக்குதுன்னு நெனச்சேன் பாவாயி. திரி நத்தையாட்டம் ஊந்துச்சு."

தெளிவா இருந்த பயந்தாங்கொள்ளி கட்டுன கயிறுதான் போதையில இருந்த தைரியசாலியக் காப்பாத்துச்சு.

அன்னையோட உட்டுட்டாரு. எந்தலையில கை வெச்சு உட்டாரு. அதுக்கப்பறம் அவரு சிலும்பியத் தொடலீங்க. இத நல்லாக் கேட்டுக்குங்க.

4

கஞ்சா இல்லாம கெணத்துல எறங்க முடியல. வேற வேலயும் இல்ல, ரெண்டு வருசமா மழயும் இல்ல. மேஸ்திரி தெனம் வந்து வாசல்ல நிப்பான். "என்னடா, பொண்டாட்டி முந்தானைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டயா? ரெண்டு இழுப்பு இழுத்துட்டு எறங்குடா"ம்பான். அந்தச் சமயத்துலதான் மலாயாவுக்கு ஆளு சேக்கற கங்காணி வந்தான். கொட புடிச்சுக்கிட்டு, வெள்ள மல்லுச் சட்ட போட்டுக்கிட்டு.

"முனியப்பனக் கேட்டுப்போட்டுச் சொல்லறேனுங்க"ன்னாரு இவரு.

மக்கா நாளு காலையில நானும் அவரும், நாலு வயசுப் பையன் முத்தானும் கோயிலுக்குப் போனோம். ஆரோ வேண்டுதலு முடிச்சிருக்கறாங்க. முனியப்பனுக்கு எலயில சுருட்டு, பொரி, வெல்ல உருண்ட எல்லாம் படச்சு வெச்சிருந்துச்சு. எனக்கோ மொத நாளு இருந்து பட்டினி. இவரு பூவுக்கும் எலைக்கும் அலையப் போயிட்டாரு. பூசாரி மரத்தடியில உக்காந்து அசடு வழியச் சிரிச்சுக்கிட்டிருந்தாரு. படையலுன்னா கடசீல எல்லாத்துக்கும் பங்குதானன்னு நான் ஒரு உருண்டய எடுத்து வாயில போட்டேன். வெல்லத்துக்கு நடுவுல பச்சலக் கசப்பு. வேப்பம்பூ போட்டிருப்பாங்கன்னு இன்னொண்ணயுந் தின்னுப்போட்டேன். பையனுக்குப் பொரி குடுத்தேன், நல்லவேள.

அது முனியப்பனுக்குப் படச்சு, அப்பறம் பூசாரியும் ஆம்பளைங்களும் திங்கறதுக்குன்னு கஞ்சா போட்டு உருட்டுனது. எனக்கு ஆரு சொன்னா?

இவரு வந்து, குளிச்சு, கொண்டாந்த எல கிழிஞ்சிருக்குதுன்னு மறுபடி போயி வேற எல கொண்டாந்து, பொட்டலங் கட்டறதுக்குள்ள வெயிலு நல்லா ஏறிப்போச்சு. அப்பத்தான் எனக்கு ஆரம்பிச்சுது.

மொதல்ல காத்தப் பாத்தேன். காத்த எப்படிப் பாப்பாங்கறீங்களா? பாத்தேன். பனமரத்துல காத்து அடிக்கற சத்தம் எங்காதுக்குள்ள ஓல ஓலயாத் தனித்தனியா உளுந்துச்சு. ஒவ்வொரு ஓலைக்கும் ஒரு பேரு இருந்த மாதிரி. அப்பறங் கொல்லிமல நடந்து வந்துச்சு. சத்தமில்லாம, எரும தண்ணிக்கு எறங்கற மாதிரி, மெதுவா வந்து காட்டு வேலிகிட்ட நின்னுக்கிச்சு. கை நீட்டுனா தொட்டுரலாம். எட்டத்துல இருக்கறதெல்லாங் கிட்ட வந்துருச்சு. மலாயா எங்கயோ கடலுக்கு அந்தாண்டன்னு சொன்னாங்களே, அது நல்லம்மா ஊட்டுக்கு அடுத்த ஊடு மாதிரி ஆயிப்போச்சு. போனமா வந்தமான்னு.

முத்தான் பொட்டலத்த எடுத்தான். பூசாரி பிரிச்சாரு.

"செவப்பு. வேண்டாங்குது சாமி"ன்னு சொல்லிப்போட்டு மறுபடியும் மரத்துல சாஞ்சுக்கிட்டாரு.

செங்கோடன் மூச்சு உட்டாரு. "நல்லது. வா புள்ள போலாம்"னாரு.

நான் அந்தச் செவப்பு அரளிய எடுத்துத் தலையில வெச்சுக்கிட்டேன். "எனக்குச் செவப்புதான் நல்லா இருக்கும்னு முனியப்பனுக்கே தெரிஞ்சிருக்குது பாரு மாமா"ன்னேன். சிரிப்பு வந்துச்சு. நிக்கல. சிரிச்சுக்கிட்டே கங்காணியத் தேடி நடந்தேன்.

"பாவாயி! சாமி வேண்டாங்குது! கேக்குதா?"

"சாமியையுங் கூட்டிக்கலாம் வா!"

அய்யோ, இப்பச் சொல்லறப்ப ஒடம்பு சிலுத்துக்குது. வாத்தியாரு எழுதறத நிறுத்திப்போட்டுப் பாக்கறாரு.

ஊரு மணியக்காரரு முன்னால போயி நிக்கோணும். இஷ்டப்பட்டுத்தான் போறாங்கன்னு அவரு கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும். "ஏம்புள்ள, இஷ்டந்தானா?"ன்னு கேட்டாரு. நான் அவரு மீசையப் பாத்துச் சிரிக்கறேன். அது ஒரு பக்கம் நாமக்கல்லுக்கும் ஒரு பக்கஞ் சேலத்துக்கும் போற மாதிரி இருக்குது.

"என்னடா செங்கோடா, உம்பொண்டாட்டி ஏன் இப்படிச் சிரிக்கறா?"

சாமி வாக்க மீறி, ஒரு பொம்பள, கஞ்சா தின்னுப்போட்டு ஊரு நடுவுல நிக்கறான்னு தெரிஞ்சா என்ன பேசியிருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். செங்கோடன் எங்கண்ணப் பாத்தாரு, நான் என்ன தின்னிருக்கறேன்னு புரிஞ்சுபோச்சு. தலயச் சொறிஞ்சாரு. தெளிவா இருந்த மனுசன், கண்ண அர மூடி மூடிக்கிட்டு, நாக்கத் தள்ளிக்கிட்டு, "நாந்தானுங்க சாமி காலையிலயே ரெண்டு இழுப்பு இழுத்துப்போட்டு, மலாயா போலாம் வாடின்னேன். அதுக்குத்தான் சிரிக்கறாளுங்க"ன்னாரு.

வாழ்நாளுல அவரு சொன்ன பெரிய பொய்யி அது ஒண்ணுதான். ஊரு அத நம்பிப்போச்சு. நல்லம்மாவும் நம்பிப்போட்டா. நீங்க எல்லாரும் நம்புனீங்க.

5

மறுநாளு எந்திரிச்சா கொல்லிமல அது எடத்துக்கே போயிருச்சு. பயமெல்லாம் ஒட்டுக்காத் திரும்பி வந்துச்சு, கூடவே ஒறம்பரயையுங் கூட்டிக்கிட்டு.

நாகப்பட்டணத்துக் கேம்புல அடச்சு வெச்சு, தல பாத்து, கண்ணு பாத்து, ஊசி போட்டாங்க. கப்பலேத்தறதுக்கு முந்தி ஒரு அதிகாரி ஒவ்வொருத்தரயா, "சொந்த இஷ்டத்துல போறயா? இல்லீன்னா இப்பவே சொல்லு, ஊருக்கு அனுப்பறோம்"னு கேட்டாரு. வரிசையில எனக்குப் பின்னால செங்கோடன். "வேண்டாம்னு சொல்லீரு புள்ள. திரும்பிரலாம். ஊருல நாம் பாத்துக்கறேன்"னு காதுக்குள்ள சொல்லறாரு.

இப்ப நான் நல்ல தெளிவு. கோயில்ல நான் எதயும் எட போட்டே பாக்கல. எல்லாம் பஞ்சாட்டம் எடையில்லாமக் கெடந்துச்சு. கேம்புல நின்னுக்கிட்டு ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாத்தேன். ஊட்ட உடறது கனம். தங்கச்சிய உடறது கனம். கடலு கனம். ஆனா திரும்பிப் போனா? மேஸ்திரி வாசல்ல நிப்பான். இவரு மறுபடியும் சிலும்பியத் தொடுவாரு. தொடாம எறங்க முடியாது. எறங்கி அந்தத் திரிகிட்டச் சப்பணங் கூட்டி உக்காந்துக்குவாரு. கயிறு ஒவ்வொரு தடவையும் மேல கொண்டாருமா?

"சொந்த இஷ்டமுங்க"ன்னேன். இந்தத் தடவ சிரிப்பு வரல.

நல்லம்மா, கேட்டுக்க. கிளப்பி உட்டது உருண்டையா இருக்கட்டும். கப்பலேறுனது நானு. அவரு இல்ல. இங்க வந்து அவரு பல்லி கத்துனா நின்னுக்கிட்டு, மரத்துக்கு மரம் பயந்துக்கிட்டு, ஒரு கெணத்துலயும் எறங்காம, பேரப்புள்ளயத் தூக்கி வெச்சுக்கிட்டு, படுத்த பாயிலதான் போனாரு. அதுக்குத்தான் நான் வந்தேன். அவருகிட்டக்கூட இத நாஞ் சொன்னதில்ல.

6

இன்னைக்குச் சனிக்கெழம, கடசி நாளு. காலையில ஆப்பீசுக்குப் போனேன். கிராணி பேரேட்டத் தொறந்து வெச்சுக்கிட்டு, "பேரு?"ன்னாரு.

"பாவாயிங்க."

"வயசு?"

"அது எனக்கெப்படித் தெரியும்? பல்லு ஏழு இருக்குது."

"சரி, கெழவி. கைநாட்டு இங்க."

மை டப்பாவத் தள்ளுனாரு. நான் வெரல நீட்டுனேன். நீட்டுன வெரலு அப்படியே நின்னுக்கிச்சு. இந்தப் பேரேட்டுல கைநாட்டு வெச்சா, கஞ்சாக்காரன் இழுத்துட்டுப் போன பாவப்பட்டவளா நான் வந்து எறங்குவேன். நீங்க எல்லாரும் எங்கண்ணத் தொடப்பீங்க, சோறு போடுவீங்க. ஒவ்வொரு சோத்துக்கும் அவரத் திட்டுவீங்க. நானும் "உம்"னு தின்னுக்கிட்டு உக்காந்திருப்பேன். வந்தப்பறஞ் சொல்லிக்கலாம்னு பாத்தா, அந்தச் சோத்தத் தின்னுப்போட்டு எனக்குச் சொல்ல வாயி வருமா? என்னைய எனக்குத் தெரியும், வராது.

"இந்தக் கப்பலு வேண்டாமுங்க"ன்னேன்.

"பைத்தியமா உனக்கு? அடுத்த கப்பலு எப்ப வரும்னே தெரியாது. வருமான்னும் தெரியாது."

"தெரியுமுங்க. தெரிஞ்சேதான் சொல்லறேன்"ன்னு மை டப்பாவ அவரு பக்கமே தள்ளி வெச்சேன்.

வெளிய வந்து மரத்தடியில உக்காந்தேன். உருண்டயும் இல்ல, பொகையும் இல்ல. என்ன உட்டுப்போட்டேன்னு அத்தனையும் தெளிவாத் தெரியுது. ஆனா மனசுக்குள்ள அப்படி ஒரு சந்தோசம், காலையில தூளியில முழிச்ச கொழந்த தனக்குத்தானே சிரிச்சுக்கும் பாருங்க, அந்த மாதிரி. நேரா வாத்தியாரு ஊட்டுக்குப் போனேன். "எழுதுங்க வாத்தியாரே, இன்னைக்கே எழுதுங்க"ன்னேன்.

நல்லம்மா, இத நீ மட்டும் கேட்டுப்போட்டு மடிச்சு வெச்சுக்காத. ஊரக் கூட்டி வெச்சுச் சத்தமாப் படிக்கச் சொல்லு. முனியப்பன் வேண்டாம்னு சொன்னத மீறுனவ பாவாயி. அன்னைக்குக் கஞ்சா தின்னிருந்தவளும் பாவாயி. செங்கோடன் தெளிவா இருந்தாரு, பொண்டாட்டி மானத்துக்காகப் போதைக்காரனா நடிச்சாரு. இத எல்லாருங் கேட்டதுக்கப்பறம் ஊரு என்ன சொல்லுதோ அத அப்படியே எழுதிப் போடு. வராதேன்னா வராதேன்னே எழுதச் சொல்லு, நாங் கோவிச்சுக்க மாட்டேன். வான்னு சொன்னீங்கன்னா, எவ்வளவு நாளானாலும் அடுத்த கப்பலுக்கு மொதல் ஆளா எம்பேரக் குடுத்துப்போட்டு, செங்கோடன் பொண்டாட்டியா வாரேன்.